நாற்பதாயிரத்தில் ஒரு கணினி: ரிச்சி தெருவிலிருந்து எர்த் கம்பி வரை

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பிரிவு எடுத்திருக்கிறாள். சி++ நிரல் எழுத வேண்டும், பாடக் காணொளிகள் பார்க்க வேண்டும், தமிழில் கட்டுரை தட்டச்சு செய்ய வேண்டும், விடுமுறை நாட்களில் வாலரண்டும் மைன்கிராஃப்டும் ஆட வேண்டும். மானிட்டர், யூபிஎஸ் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாய்க்குள் முடித்துத் தரச் சொன்னார் அக்கா. கணினி இப்போது நன்றாக ஓடுகிறது. செலவு கொஞ்சம் தாண்டியது. எதில் மிச்சம் பிடித்தேன், எதில் பிடிக்கவே கூடாது என்பதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். விலைகள் எல்லாம் 2024 மே மாதத்தில் சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடைகளில் இருந்த விலைகள், 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட.

பழைய அலுவலகக் கணினி ஒன்றை வாங்கிவிட்டால் என்ன என்றுதான் பேச்சு தொடங்கியது. நிறுவனங்கள் கழித்துவிட்ட நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பெட்டிகள் பத்து, பன்னிரண்டாயிரத்துக்குக் கிடைத்தன. பாடத்துக்கு மட்டும் என்றால் தாராளமாகப் போதும். ஆனால் விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்த கடைசி நாள் 2025 அக்டோபர் 14. பிளஸ் டூ முடிப்பதற்குள் காலாவதியாகிவிடும் என்று அப்போதே தெரிந்தது. இன்னொரு தொல்லையும் உண்டு: அந்தப் பெட்டிகள் பலவற்றில் மதர்போர்டும் (பாகங்களை இணைக்கும் பலகை) எஸ்எம்பிஎஸ்ஸும் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். ஒன்று போனால் எந்தக் கடையிலும் வாங்கி மாட்டிவிட முடியாது.

ஆகவே புதிதாகச் சேர்ப்பது என்று முடிவானது. பிறகு எளிதில் மாற்றக்கூடியதை இப்போது மலிவாக வாங்கலாம்; மாற்றுவதற்கு மொத்தப் பெட்டியையும் பிரிக்க வேண்டியதை இப்போதே சரியாக வாங்க வேண்டும். இந்தக் கணக்குப்படி மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் இரண்டாம் வகை. எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்), கேபினெட், கீபோர்டு முதல் வகை. ராம் (ஓடும் வேலையைத் தாங்கும் நினைவகம்) மட்டும் இரண்டிலும் அடங்காமல் தனிக் கதை ஆனது.

கணினியின் மூளையான பிராசஸரில் பெரிய விவாதம் இல்லை. திரைக்குப் படம் வரையும் தனி கிராஃபிக்ஸ் கார்டு என்றால் ஜிடிஎக்ஸ் 1650 போன்ற பழைய ரகமே புதிதாகப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். நாற்பதில் அதற்கு இடமில்லை. எனவே கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசஸர்தான் வழி. இன்டெல் ஐ3-12100 நல்ல சில்லு. நான்கு கோர், அதாவது நான்கு செயல் மையம்தான் என்றாலும் ஒவ்வொரு கோரும் வேகம். ஆனால் அதற்குள் இருக்கும் யூஎச்டி 730 கிராஃபிக்ஸ் விளையாட்டில் திணறும். ஏஎம்டி ரைசன் 5 5600ஜி-யில் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்), வேகா 7 கிராஃபிக்ஸ்; கூலரும் பெட்டியிலேயே வருகிறது. 2021-இல் வந்த சில்லு, மதர்போர்டில் அது அமரும் இடம் ஏஎம்4 சாக்கெட், 65 வாட். விலை 12,200.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கேட்ட கடைகளில் பாதி, "சார், 5500 எடுங்கள், அதே ஆறு கோர், நாலாயிரம் மிச்சம்" என்றன. சொன்னது பொய்யில்லை. ஆனால் ரைசன் 5 5500-இல் கிராஃபிக்ஸ் கிடையாது. மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகிவிட்டு இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்று முடிந்தால் அதே பொருள்: உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. கொட்டேஷன் சீட்டில் இந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

மதர்போர்டில் பி550 ரகம் வாங்கும் ஆசை இருந்தது. பிறகு யோசித்தேன். பி550-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி பிசிஐஇ 4.0 (கார்டும் எஸ்எஸ்டியும் பிராசஸரோடு பேசும் பாதையின் வேகமான பதிப்பு) வேகத்துக்காக, 5600ஜி-யோ பிசிஐஇ 3.0-வுடன் நின்றுவிடுகிறது. நெடுஞ்சாலைக்குச் சுங்கம் கட்டிவிட்டுச் சர்வீஸ் ரோட்டில் ஓட்டுவானேன்? ஏ520 போர்டு 5,300 ரூபாய். அதில் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய (விதித்த வேகத்தைத் தாண்டி ஓட்ட) முடியாது, ராமின் வேகத்தை ஏற்றலாம். நமக்கு வேண்டியதும் அதுதான். ஒரே எச்சரிக்கை: ஏ520 போர்டுகள் 2020-இல் வந்தவை, 5600ஜி அதற்குப் பிறகு வந்தது. கடையில் தூங்கிக் கிடந்த பழைய சரக்கு என்றால் பயாஸ் (போர்டைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) இந்தச் சில்லை அடையாளம் காணாது. "ரைசன் 5000-க்குத் தயார்" என்ற ஸ்டிக்கர் அட்டைப்பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன்.

எஸ்எம்பிஎஸ்தான் நான் சண்டை போட்ட இடம். ரிச்சி தெருவில் கேபினெட்டோடு சேர்த்தே எஸ்எம்பிஎஸ் தருவார்கள். இரண்டும் சேர்ந்து 2,600. மேலே 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் எடையே இருக்காது. இந்தக் கணினிக்கு 450 வாட் தேவையும் இல்லை: இந்தச் சில்லு மதர்போர்டின் சாக்கெட்டிலிருந்து இழுக்கக்கூடிய உச்சமே 88 வாட். நான் தேடியது அதிக வாட் அன்று. மின்சாரம் ஏறி இறங்கும்போது மதர்போர்டைக் காப்பாற்றும் ஒழுங்கான சுற்றுதான் வேண்டும். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் சான்றும் ஐந்தாண்டு வாரண்டியும் உள்ள 450 வாட் எஸ்எம்பிஎஸ் 2,900. வெறும் கேபினெட் 2,100. ஆக 2,400 ரூபாய் கூடுதல். அந்தப் பணத்துக்கு வண்ண விளக்கு மின்விசிறிகள் போட்டுத் தருவதாகச் சொன்ன கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் தெரிந்தது.

ரிச்சி தெருவுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு இரண்டு சொற்கள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமை மாலை நிற்க இடம் இருக்காது. வார நாளில் காலை பதினொன்றரைக்குப் போவது நல்லது, கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். எல்லாப் பாகங்களையும் ஒரே தாளில் எழுதி மூன்று நான்கு கடைகளில் கொட்டேஷன் வாங்க வேண்டும். சொல்லும் விலை வரி சேர்த்ததா என்பதை முதலிலேயே கேட்க வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருவார்கள். அந்தக் குறைவு வாரண்டியின் விலை. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கும்படி எழுதி வாங்கினேன். முணுமுணுத்தார்கள், எழுதித் தந்தார்கள்.

இப்போது ராம். நான் கேட்டது 8 ஜிபி இரண்டு, டிடிஆர்4 ரகம், 3200 வேகம். கடையில் 16 ஜிபி ஒற்றை ராமை நீட்டினார்கள். 3,500 ரூபாய், இரண்டு எட்டு என்றால் 3,700. "ஒரே ராமாகப் போடுங்கள் சார், இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கும், பிறகு 32 ஆக்கிக்கொள்ளலாம்." காதுக்கு நியாயமாகத்தான் இருந்தது, போர்டில் இருப்பதும் இரண்டே ஸ்லாட். ஒரு வாரத்துக்குள் திருப்பித் தந்தால் வித்தியாசத்தை மட்டும் கட்டி மாற்றிக்கொள்ளலாம் என்று பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொண்டு ஒற்றை ராமோடு வந்தேன். எனக்கு அளந்து பார்க்கும் ஆசையும் இருந்தது.

சேர்க்கும் வேலை பெரம்பூரில் அக்கா வீட்டுக் கூடத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, மே மாத வெயிலில். விசிறி ஓடினால் தூசி போர்டில் விழும், சின்ன ஸ்குரூக்கள் உருளும். தேவைப்பட்ட கருவி காந்த முனையுள்ள நட்சத்திர ஸ்குரூ டிரைவர் ஒன்றுதான். போர்டைக் கேபினெட்டுக்குள் வைப்பதற்கு முன்பே பிராசஸர், கூலர், ராம், எஸ்எஸ்டி நான்கையும் வெளியே மாட்டிவிட வேண்டும். பிராசஸரின் மூலையில் உள்ள தங்க முக்கோணமும் சாக்கெட்டின் முக்கோணமும் ஒரே மூலையில் வந்தால் அது தானாகவே உள்ளே அமரும்; அழுத்தவே கூடாது, ஏஎம்4-இல் ஊசிகள் பிராசஸரின் அடியில்தான் இருக்கின்றன. கூலரின் அடியில் தெர்மல் பேஸ்ட் (வெப்பத்தைக் கடத்தும் பசை) தடவியே வருகிறது. அதன் நான்கு ஸ்குரூக்களையும் எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் அது தூக்கிக்கொண்டு நிற்கும். போர்டின் பின்னால் உள்ள உலோகத் தகட்டை மறுபுறம் ஒருவர் விரலால் தாங்கிக்கொள்வது நல்லது. அந்த விரல் அக்கா மகளுடையது.

எம்.2 எஸ்எஸ்டியைப் பிடிக்கும் ஸ்குரூ நகக்கண் அளவுதான் இருக்கும், மதர்போர்டுப் பெட்டியில் தனிப் பையில் வரும். அந்தப் பையைக் குப்பையோடு போட்டுவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 24 முனைப் பெரிய கேபிளும், பிராசஸருக்கான 8 முனைக் கேபிளும் போர்டுக்குப் போக வேண்டும். இரண்டாவதைக் கேபினெட்டின் பின்புறமாகச் சுற்றி மேல் மூலைக்குக் கொண்டுவர நீளம் சரியாகத்தான் இருந்தது. முன்புற பவர் பட்டனின் சின்னச் சின்னக் கம்பிகளுக்குப் போர்டின் கையேட்டில் படம் இருக்கிறது. விளக்குக்குத்தான் பிளஸ், மைனஸ் முக்கியம். பட்டனுக்கு எப்படி மாட்டினாலும் வேலை செய்யும்.

முதல் முறை பட்டனை அழுத்தியதுமே திரை வந்தது. பயாஸில் மூன்று இடங்களைத் தொட்டேன். ராம் 2400 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 3200 என்று விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் ராமின் முழு வேகத்தைத் திறக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை நாமே இயக்கினால்தான் அந்த வேகம் வரும். கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் நினைவகத்தை 2 ஜிபி ஆக்கினேன். அதனால் விண்டோஸ் 16 ஜிபிக்குப் பதில் 13.9 என்று காட்டும், பதற வேண்டாம். பிறகு போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பயாஸைப் பென் டிரைவில் எடுத்து ஏற்றினேன். பழைய பயாஸ்களில் ஏஎம்டியின் எஃப்டிபிஎம் (பிராசஸரோடு வரும் பாதுகாப்பு அமைப்பு) காரணமாகக் கணினி இடையிடையே ஒரு நொடி திக்கும் கோளாறு இருந்தது. 2022-இல்தான் திருத்தம் வெளிவந்தது. பயாஸ் ஏறும்போது மின்சாரம் போனால் போர்டு போய்விடும் என்பதால் அந்த வேலையை யூபிஎஸ்ஸை இணைத்த பிறகுதான் செய்தேன்.

விண்டோஸ் செலவை நான் கணக்கில் காட்டவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு என் சொந்தக் கணினிக்கு வாங்கிய சில்லறை உரிமம் ஒன்று சும்மா இருந்தது. அதை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. புதிதாக முறைப்படி வாங்கினால் பட்ஜெட் அங்கேயே உடைந்திருக்கும். பாடத்துக்கு மட்டும் என்றால் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்திருப்பேன், சி++ அதில் இன்னும் வசதி. ஆனால் மோசடி ஆட்டத்தைத் தடுக்கும் வாலரண்டின் வான்கார்ட் காவல் மென்பொருள் லினக்ஸில் இயங்காது. விண்டோஸ் போட்டும் வாலரண்ட் உடனே திறக்கவில்லை. விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் அமைப்பு) இயங்க வேண்டும் என்று அடம்பிடித்தது. பயாஸில் செக்யூர் பூட்டை இயக்கினேன். இயக்கிய பிறகும் 'செயலில் இல்லை' என்றே காட்டியது. நிறுவனத்தின் இயல்புநிலைச் சாவிகளை ஏற்றும் கட்டளை அதே பக்கத்தில் கீழே தனியாக இருந்தது. அதை அழுத்தி மறுபடி தொடங்கியதும் சரியானது.

இனி அளவுகள். வாலரண்ட், 1080பி திரை, எல்லாப் பட அமைப்பும் குறைந்த தரத்தில். ஒற்றை 16 ஜிபி ராமில் பயிற்சிக் களத்தில் நொடிக்கு 80 சட்டங்கள் (ஃபிரேம்கள், அதாவது திரையில் மாறும் படங்கள்) சுமாராக. புகையும் வெடியும் வந்தால் 55 வரை சரிந்தது. கடைக்குப் போய் 200 ரூபாய் கட்டி இரண்டு எட்டாக மாற்றி வந்தேன். அதே கணினி, அதே அமைப்பு: சுமார் 125, சரிந்தாலும் 90-க்குக் கீழே போகவில்லை. காரணம் எளிது. தனி கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொந்த நினைவகம் உண்டு. உள்ளமைந்த கிராஃபிக்ஸ் ராமிலிருந்துதான் படத்தை அள்ள வேண்டும். டிடிஆர்4 3200-இல் ஒற்றை ராம் என்றால் ஒரு வழியில் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு என்றால் இரு வழியில் 51.2. எட்டாயிரம், பத்தாயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் கிடைக்காத வேகம் 200 ரூபாயில் கிடைத்தது. பிறகு 32 ஆக்கும் வசதியைப் பற்றிச் சொன்ன கடைக்காரர் தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டவர்களுக்குச் சொல்லும் யோசனையை எனக்கும் சொல்லியிருக்கிறார். சி++ எழுதவும் காணொளி பார்க்கவும் ஒற்றையும் இரட்டையும் ஒன்றுதான், வித்தியாசமே தெரியவில்லை.

இதோடு முடிந்திருக்க வேண்டும். "மாமா, பெட்டியைத் தொட்டால் கூசுகிறது" என்றாள் அக்கா மகள். செருப்பு இல்லாமல் நின்று கேபினெட்டின் பின்புற ஸ்குரூவில் புறங்கையை வைத்தேன், மெல்லிய சுரீர். டெஸ்டர் மங்கலாக எரிந்தது. கசியும் எஸ்எம்பிஎஸ் என்று உடனே முடிவுகட்டிவிடத் தோன்றும். ஆனால் பொதுவாக எஸ்எம்பிஎஸ்களில் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட் உடம்புக்குப் போகின்றன. எர்த் இருந்தால் அந்தச் சொற்ப மின்னோட்டம் தரைக்கு இறங்கிவிடும், இல்லாவிட்டால் உடம்பு பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். மல்டிமீட்டரை எடுத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த் துளைக்கும் அதே அளவு வர வேண்டும். முள் நிற்காமல் முப்பதுக்கும் அறுபதுக்கும் இடையே அலைந்தது. துளை இருக்கிறது, கம்பி இல்லை. சுவிட்ச் போர்டைத் திறந்தால் எர்த் முனை பளபளவென்று வெறுமையாக இருந்தது. மின்விசிறிக்கும் விளக்குக்கும் போட்ட பழைய வயரிங். மூன்று துளை சாக்கெட்டை யாரோ பின்னாளில் பொருத்தியிருக்கிறார்கள்.

முதலில் வந்த எலக்ட்ரீஷியன், எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். கூச்சம் நிற்கும், உண்மைதான். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினெட் முழுக்க 230 வோல்ட் நிற்கும். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டோம். அடுத்து வந்தவர் ஃபிரிட்ஜின் 16 ஆம்பியர் சாக்கெட்டைச் சோதித்தார். அங்கே எர்த் ஒழுங்காக இருந்தது. அங்கிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் பச்சைக் கம்பியைப் பிளாஸ்டிக் கேசிங்கில் சுவரோரமாக இழுத்து வந்தார். கம்பியும் கூலியும் 700 ரூபாய். அதன் பிறகு ஃபேஸ்–எர்த் 227 காட்டியது, நியூட்ரல்–எர்த் இரண்டு வோல்ட்டுக்குக் கீழே, டெஸ்டர் எரியவில்லை. இந்த 700 எந்தக் கொட்டேஷனிலும் வராது. பழைய வீட்டில் கணினி வைக்கிறவர்கள் பாகம் வாங்குவதற்கு முன்பே சாக்கெட்டைச் சோதித்துவிடலாம்.

மீதி வேலைகள் சுலபம். மின்அளவுக் கருவியைச் சாக்கெட்டில் செருகிப் பார்த்ததில் மானிட்டர் நீங்கலாகச் சும்மா இருக்கும்போது 32 வாட், விளையாட்டில் 80-க்குப் பக்கம். 600 விஏ யூபிஎஸ்ஸுக்கு இது ஒரு சுமையே இல்லை. கோப்பைச் சேமித்து நிறுத்த நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. அறை வெப்பம் 34 டிகிரியில் பிராசஸர் விளையாட்டின்போது 79 வரை போனது. இந்தச் சில்லின் எல்லை 95. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவவில்லை.

கடைசிக் கணக்கு: பிராசஸர் 12,200, மதர்போர்டு 5,300, ராம் 3,700, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 3,200, எஸ்எம்பிஎஸ் 2,900, கேபினெட் 2,100, 22 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் 7,400, கீபோர்டும் மவுஸும் 850, யூபிஎஸ் 3,100, எர்த் வேலை 700. மொத்தம் 41,450. மானிட்டர் பெட்டியோடு வந்த ஆட்டோக் கூலி என் செலவு.

மறுபடி செய்தால் கேபினெட்டை மாற்றுவேன். இதன் முன்புறக் கண்ணாடித் தகடு காற்றை அடைக்கிறது, தூசி வடிகட்டியும் இல்லை. வலை முகப்பு உள்ளது முந்நூறு ரூபாய்தான் கூடுதல். மதர்போர்டில் பிராசஸர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் பொத்தான் உள்ளதாகத் தேடுவேன். கிராஃபிக்ஸ் கார்டு பிறகு சேர்ப்பதானால் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டையும் தவிர்க்கச் சொல்லி அக்காவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: அவை நான்கு பிசிஐஇ வழிகளை மட்டுமே பயன்படுத்துபவை, 3.0 வேகத்தில் மாட்டினால் வலு குறையும். ஜிடிஎக்ஸ் 1650 பழையது கிடைத்தால் 75 வாட்டில் அடங்கும், தனி மின் கேபிள் கேட்காத ரகமாகப் பார்த்து வாங்கலாம். இப்போதைக்குப் பின்புறத்தில் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி மாட்ட வேண்டும், 350 ரூபாய்; அடுத்த முறை ரிச்சி தெருப் பக்கம் போகிறவர் யாரோ அவர் வாங்கி வர வேண்டும்.